சப் மீட்டரும் ஒரு தராசுதான்!

ஸ்ரீரங்கத்தில் ரெடிமேட் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர், பாலக்கரையில் நாலு குடித்தனம் உள்ள லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். லுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்தவர் மின்வாரியத்தைத் திட்டித் தீர்த்தார். "ரெண்டு மாசத்துக்கு 1,600 ரூபாய் பாய்! மனுஷன் வாழறதா, சாவறதா?" ரசீதைக் காட்டுங்கள் என்றேன். ரசீது இல்லை. வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டுதான் இருந்தது. 200 யூனிட், யூனிட் 8 ரூபாய்!

மின்வாரியத்தின் மீது நமக்குக் குறைகள் ஏராளம். 2012-ல் சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு. நமக்கோ 12 மணி நேரத்துக்கும் மேல். அந்த ஓரவஞ்சனையைத் திருச்சி வியாபாரிகள் மறக்கவில்லை. ஆனால் இந்த 1,600 ரூபாய்க்கு வாரியம் பொறுப்பல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016 மே மாத அறிவிப்பு. 2022 செப்டம்பர் 10-ல் வந்த கட்டணப்படி 200 யூனிட்டுக்கு ஒரு குடும்பம் கட்ட வேண்டியது 225 ரூபாய். நாலு குடும்பத்துக்கும் தனித்தனி மீட்டர் இருந்தால் மொத்தம் 900 ரூபாய். ஒரே மீட்டரில் 800 யூனிட் ஓடினாலோ 4,550 ரூபாய்! நாலு இலவசம் ஒன்றாகிவிடுகிறது. யூனிட் விலையும் 9 ரூபாய் வரை ஏறிவிடுகிறது. பிறகு கட்டணம் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது, கணக்கின் போக்கு அதேதான்.

ஆகவே, "எனக்கே பில் ஏறுது தம்பி" என்று வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதி? யூனிட் 8 ரூபாய் வீதம் அவர் வசூலிப்பது 6,400 ரூபாய். கட்டியது போக 1,850 ரூபாய் அவர் பையில்!

மின்சாரத்தை விநியோகிக்கவும் வணிகம் செய்யவும் உரிமம் வேண்டும் என்கிறது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம். எந்த உரிமத்தை வைத்து இவர் லாபம் பார்க்கிறார்? பெரிய கடை வீதியில் எடைக்கல்லில் முத்திரை இல்லாவிட்டால் அதிகாரி வழக்குப் போடுகிறார். மாடிப்படிக்கு அடியில் தொங்கும் சப் மீட்டருக்கு யார் முத்திரை வைத்தது? குர்ஆனின் 83-ஆம் அத்தியாயத்துக்கு அல்முதஃப்பிஃபீன் என்று பெயர். அளவையில் மோசம் செய்பவர்கள் என்பது அதன் பொருள். அதை ஓதிவிட்டு வந்து சப் மீட்டரைப் பார்க்கும் வீட்டுக்காரர்கள் நம் மஹல்லாக்களிலும் இருக்கிறார்கள். கசந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கடைக்காரர்களின் பாடு இன்னும் மோசம். இவர் மாதாமாதம் காசு கொடுத்திருப்பார். கட்டடக்காரர் வாரியத்துக்குக் கட்டியிருக்க மாட்டார். எச்சரிக்கை நோட்டீஸ் அவர் பெயருக்குப் போகும். இருட்டில் உட்கார்வது இவர்!

செல்போன் விஷயத்தில் நமக்கு ஒரு வழி பிறந்தது. 2011 ஜனவரி 20 முதல் எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றலாம். 2018-ல் ஏர்செல் படுத்தபோது, கடைப் பலகையில் எழுதிய எண்ணை அப்படித்தான் பலர் காப்பாற்றிக்கொண்டார்கள். கரண்டுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் தனி மீட்டர் கேட்கும் உரிமை இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது.

மேற்படி சட்டத்தின் 43-வது பிரிவு, சொந்தக்காரரோ குடியிருப்பவரோ, யார் விண்ணப்பித்தாலும் இணைப்புத் தரச் சொல்கிறது. தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பின்படி இரண்டு நிபந்தனைகள். ஒரே கதவு எண்ணில் பல இணைப்பு வேண்டுமானால், பகுதிகள் நிரந்தரமாகப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் தர மறுத்தால், முறைப்படி குடியிருப்பதற்கு ஆதாரம் காட்டி, ஈட்டுறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, காப்புத்தொகையை இரு மடங்காகக் கட்ட வேண்டும். (ஏழைக்கு ஏன் இரு மடங்கு? வாரியத்திடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது.) இழுத்தடித்தால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் மின் குறைதீர்ப்பாளர்.

சிக்கல் எங்கே தெரியுமா? அந்த "ஆதாரம்" என்ற சொல்லில். பாலக்கரை சகோதரரிடம் வாடகை ஒப்பந்தமே இல்லை. வாய்ப்பேச்சில் பதினோரு வருடம் ஓடிவிட்டது. 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யச் சொல்கிறது. ஜமாஅத் அலுவலகத்தில் நிக்காஹ் புத்தகம் இருப்பதுபோல் வாடகை ஒப்பந்தப் படிவமும் இருக்கட்டும். வீட்டுக்காரரையும் குடித்தனக்காரரையும் உட்கார வைத்து எழுதிக் கொடுக்கச் சட்டம் படித்த இளைஞர் இருவர் போதும். வக்ஃபுக் கட்டடங்களில் சப் மீட்டர் ஓடுகிறதா என்று முத்தவல்லிகள் முதலில் பார்க்கட்டும்!