பேட்டரி மேல் பழி போடும் முன்...

கேள்வி: "தக்காளியைப் பாலக்கோடு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக, பழைய டீசல் பிக்-அப் வண்டி ஒன்று வாங்கினேன். இரண்டு மாதமாக விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. புது பேட்டரி போட்டேன். பத்து நாள் நன்றாக ஓடியது, பிறகு பழைய கதைதான். போன வாரம் இருபது பெட்டி தக்காளியோடு வாசலிலேயே நின்றுவிட்டது. செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?"
- வாசகர் ஒருவர், மாரண்டஅள்ளி.

பதில்: பயிர்க் கேள்வி இல்லை என்று இதை ஒதுக்க மனம் வரவில்லை. பறித்த தக்காளி மெக்கானிக் வரும்வரை காத்திருக்காது. நான் மெக்கானிக் இல்லை. ஆனால் பல வண்டிகளைத் தள்ளியவன்.

இலை மஞ்சளானதும் யூரியா மூட்டையைப் பிரிப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். வேரழுகலா, இரும்புச்சத்துக் குறைவா என்று பார்ப்பதில்லை. நீங்கள் பேட்டரி வாங்கியதும் அப்படித்தான். மோட்டாரையும் அதேபோல வாங்கிவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது. புது பேட்டரியோடு வண்டி பத்து நாள் ஓடியது. மோட்டார் முழுதாகக் கெட்டிருந்தால் அந்தப் பத்து நாளும் தகராறு செய்திருக்கும். ஆகவே எனக்குச் சந்தேகம் மூன்று: பேட்டரி சார்ஜ் ஆகவில்லை; அல்லது இரவில் மின்சாரம் கசிகிறது; அல்லது இணைப்பு சரியில்லை. பேட்டரி மாற்றும்போது இணைப்பைச் சுரண்டி முறுக்கியிருப்பார்கள், அது மறுபடி தளர்ந்திருக்கலாம்.

சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். பம்ப்செட்டுக்கும் உதவும். இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடாமல், பேட்டரியின் இரு முனைகளில் வையுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்த பேட்டரி, 12.4 என்றால் முக்கால்; 12-க்கும் கீழே என்றால் ஏறக்குறைய காலி. வண்டியைத் தள்ளியாவது ஸ்டார்ட் செய்து மறுபடி பாருங்கள். 13.5-லிருந்து 14.5-க்குள் காட்ட வேண்டும். 12 சொச்சத்திலேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை. பெல்ட் தளர்ந்திருந்தாலும் இப்படித்தான்.

இரண்டும் சரியாக இருந்தால் இணைப்புக்கு வாருங்கள். செல்ஃப் எடுக்கும்போது 200 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் பாயும். முனையில் பூத்த பச்சைப் படிவம் நூறில் ஒரு பங்கு ஓம் தடை கொடுத்தாலே 2 வோல்ட் அங்கேயே போய்விடும். ஹெட்லைட் எரியும், ஹாரன் அடிக்கும், மோட்டார் மட்டும் சுழலாது. எனது பழைய காரில் இதே 'டக்'. ஒரு பேட்டரி வாங்கிய பிறகுதான் எர்த் கம்பி பாடியில் முடுக்கியிருந்த இடத்தில் துரு தெரிந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், சரியாகிவிட்டது. பேட்டரிக் காசு போனது போனதுதான்.

எர்த்தைச் சோதிப்பது சுலபம். மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், இன்னொன்றை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பில்தான் கோளாறு.

சுத்தம் செய்யும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். பக்கத்தில் பீடி வேண்டாம். வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துத் தேய்க்கலாம், அது பேட்டரிக்குள் போகக் கூடாது. உலர்ந்தபின் முறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். பேட்டரிக்குள் ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. நம் மாவட்டத்துப் போர்வெல் தண்ணீரின் உப்பு உங்களுக்கே தெரியும்.

கசிவைச் சந்தேகித்தால், முனைகளைச் சுத்தம் செய்தபின், சில இரவுகள் நெகட்டிவைக் கழற்றி வையுங்கள். மாட்டியதும் நன்றாக ஸ்டார்ட் ஆகி, மாட்டியே விட்ட இரவுகளுக்குப் பிறகு மட்டும் தகராறு செய்தால் கசிவுதான். பிறகு சேர்த்த பாட்டுப் பெட்டி, கூடுதல் விளக்கு ஆகியவற்றின் ஒயர்களை முதலில் பாருங்கள். வைக்கோல் போர் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் எலி கடித்த ஒயரையும் தேட வேண்டும்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: 'டக்' சத்தமே இல்லாமல் மௌனமாக இருந்தால் ஃபியூஸ், சாவி சுவிட்ச், மோட்டாருக்குப் போகும் சின்ன ஒயர் என்று பார்க்க வேண்டும். மோட்டார் வேகமாகச் சுழன்றும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் டீசலையோ ஹீட்டர் பிளக்கையோ பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்து, மோட்டாரைச் சுத்தியல் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் மட்டும் சுழல்கிறதா? கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். பெரும்பாலும் பிரஷ் மட்டும் மாற்றினால் போதும். இரவு நின்றபின் எத்தனை, ஓடும்போது எத்தனை, எர்த்தில் எத்தனை என்று மூன்று அளவையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பார்ப்போம்.