குந்துவது விளையாட்டா?

கிழிந்த ஏ.சி.எல். தசைநாரை மறுசீரமைக்க எந்த ஒட்டு சிறந்தது என்னும் விவாதம் எலும்பியல் துறைகளில் ஓய்ந்தபாடில்லை. சில்லுத் தசைநாணா, தொடையின் பின்புறமுள்ள ஹாம்ஸ்டிரிங் தசைநாணா என்று கட்சி கட்டுகிறார்கள். 'சிறந்தது' என்பதை அளக்கும் கோல் யாருடையது என்று கேட்பவர் அரிது.

எவா ரூஸ் குழுவினர் 1998இல் வெளியிட்ட 'கூஸ்' வினாப்பட்டியலில் காரில் ஏறி இறங்குவதும் காலுறை அணிவதும் 'அன்றாட வாழ்க்கை'. குந்துவதும் மண்டியிடுவதும் 'விளையாட்டும் பொழுதுபோக்கும்'! 1985இன் லிஷோல்ம் அளவீட்டில் மொத்தம் 100 மதிப்பெண், குந்துவதற்கு 5. அதே ஆண்டின் தெக்னர் அளவீட்டில் உச்சநிலையான 10 தேசிய அணிக் கால்பந்து வீரருக்கு. கட்டடத் தொழிலாளிக்கு 5.

களை பறிக்கும் பெண்ணுக்கும், ஐவேளை தொழுபவருக்கும், இந்தியக் கழிப்பறையைப் பயன்படுத்தும் கோடிக்கணக்கானோருக்கும் குந்துவதும் மண்டியிடுவதும் எந்த ஊர் விளையாட்டு?

இது வெறும் சொற்சண்டை அன்று. சில்லுத் தசைநாண் ஒட்டின் இரு முனைகளிலும் எலும்புத்துண்டு இருப்பதால், எலும்பில் இட்ட துளைக்குள் அது விரைவில் பற்றிக்கொள்கிறது. மறு அறுவை தேவைப்படுவதும் ஹாம்ஸ்டிரிங்கைவிடச் சற்றுக் குறைவு என ஸ்காண்டிநேவியப் பதிவேடுகள் காட்டின. அதனால்தான் பலர் அதைத் 'தங்கத் தரம்' என்கின்றனர். அதற்குக் கொடுக்கும் விலை, மண்டியிடும்போது முழங்காலின் முன்புறத்தில் எழும் வலி. ஹாம்ஸ்டிரிங்கை எடுத்தால் அவ்வலி குறைவு; ஆனால் முழங்காலை ஆழ மடக்கும் வலு குன்றுகிறது. இரண்டு இழப்புகளும் தரையோடு ஒட்டிய வாழ்வையே தாக்குகின்றன. அளவீடுகளோ அவற்றை ஓரத்தில் வைக்கின்றன.

இந்திய மொழிகளில் மொழிபெயர்ப்புகள் உள்ளனவே என்பர். சொற்கள் பெயர்ந்தன, வகைப்பாடு பெயரவில்லை. துணைப்பிரிவுகள் தனித்தனியே கணக்கிடப்படுகின்றனவே என்றும் வாதிடலாம். சிக்கலே அங்குதான். மேசையும் மேலைக் கழிப்பறையும் உள்ள வீட்டில், குந்தவே முடியாதவரும் 'அன்றாட வாழ்க்கை'யில் முழு 100 பெற இயலும். ஆய்வேடு அதை வெற்றி என எழுதும். அந்த ஆய்வேட்டை நம்பி அடுத்த மருத்துவர் ஒட்டைத் தேர்ந்தெடுப்பார்.

விளையாட்டு வீரருக்கு உருவான அளவுகோல் விளையாட்டு வீரருக்குப் பொருந்தட்டும். மற்றவர்களிடம் 'விளையாடுவீர்களா?' என்பதற்கு முன் 'தரையில் அமர்வீர்களா, மண்டியிடுவீர்களா?' என்று கேட்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குமுன் ஒவ்வோர் ஒட்டின் இழப்பையும் நோயாளியின் மொழியில் சொல்ல வேண்டும். இந்திய முதுநிலை ஆய்வேடுகள் குந்துவதை அன்றாட வாழ்க்கையாகவே பதிவு செய்ய வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. கூடுதலாக ஒரு பக்கத் தாள் போதும்.