செவ்வாயில் ஒரு பெரியாறு

செவ்வாய்க் கிரகத்தில் சில இடங்களுக்குக் கேரளப் பெயர்களைச் சூட்ட, சர்வதேச வானியல் சங்கம் 2025 நவம்பரில் அங்கீகாரம் அளித்தது. வர்க்கலை, தும்பா, பேக்கல், வலியமலை ஆகியவை விண்கல் மோதி உண்டான பள்ளங்களின் பெயர்கள். வறண்டு கிடக்கும் ஒரு வாய்க்கால் தடத்துக்குப் பெரியாற்றின் பெயர்.

ஆங்கில எழுத்தில் பார்த்தால் ஈரோட்டுப் பெரியாரோ என்று நினைக்கத் தோன்றும். அவர் அல்ல. இந்த நூற்றாண்டு, சென்ற நூற்றாண்டு அரசியல் தலைவர்களின் பெயர்களுக்குச் சங்கத்தின் விதியில் இடமில்லை. இது வண்டிப்பெரியாறு வழியே ஓடும் நம் ஆறுதான். 1895-ல் கட்டி முடித்த அணை அதன் தண்ணீரை மதுரைப் பக்கம் திருப்பியது. அதனால் இரு மாநிலங்களுக்கும் உள்ள தாவா ஊரறிந்தது. செவ்வாய்ப் பெரியாற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. தாவாவும் கிடையாது!

இதைக் கேரளத்துக்குக் கிடைத்த கௌரவம் என்று கொண்டாடுவது சற்று மிகை. செவ்வாயின் சிறு பள்ளங்களுக்கு ஒரு லட்சம் ஜனத்தொகைக்கு உட்பட்ட ஊர்களின் பெயர்களை வைப்பது வழக்கம். அந்த ஊரைச் சிறப்பிக்கும் நோக்கம் இல்லை என்று விதியே சொல்கிறது. இந்தக் கணக்கில் பாலக்காடு நகரம் தேறாது. கொல்லங்கோடும் மூணாறும் தேறும்.

பெரிய பள்ளங்களின் விஷயம் வேறு. அவற்றுக்கு மறைந்த விஞ்ஞானிகள், செவ்வாயைப் பற்றி எழுதிய எழுத்தாளர்கள் போன்றோரின் பெயர்கள் சூட்டப்படுகின்றன. மேற்கண்ட பெயர்களோடு 77 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பள்ளத்துக்குக் 'கிருஷ்ணன்' என்று பெயரிட்டார்கள். இவர் தஞ்சைச் சீமைக்காரரான எம்.எஸ். கிருஷ்ணன். இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு 1951-ல் டைரக்டரான முதல் இந்தியர், 1970-ல் காலமானார். உண்மையான கௌரவம் இதுதான். செய்தியில் இவர் பெயர் பின்னுக்குப் போனதுதான் வருத்தம்.

இந்தப் பெயர்களை மனுப் போட்டோ, சிபாரிசு பிடித்தோ வாங்க முடியாது. அந்த இடத்தை ஆராய்கிறவர், கட்டுரையில் குறிப்பிடப் பெயர் தேவை என்று காட்டிக் கேட்க வேண்டும். கேட்டவர்கள் இருவர்: காசர்கோடு அரசுக் கல்லூரி ஆசிரியர் ஆசிப் இக்பால் கக்கசேரி, வலியமலை விண்வெளிக் கல்வி நிலையத்தின் வி.ஜே. ராஜேஷ். அவர்கள் தமக்குப் பழக்கமான ஊர்களைச் சொன்னார்கள். எஸ்டேட் லயத்திலிருந்து ஒரு பிள்ளை அந்தப் படிப்புக்குப் போனால், வண்டிப்பெரியாறு என்றே முழுதாக எழுதிக் கேட்கலாம், விதி தடுக்காது.