ஓய்வுபெற்ற நாயா? ஓட்டிக் கழித்த நாயா?

நாய்ப்பந்தயம் நடக்கும் நாடுகளில், ஓடுகளத்திலிருந்து நீக்கப்பெற்ற கிரேயவுண்டு நாய்களை 'ஓய்வுபெற்ற ஓட்டநாய்கள்' என்றழைக்கின்றனர். ஓய்வு என்பது யாது? உழைத்தவன் உரிமையோடு இளைப்பாறுவது. அவனுக்கு வீடுண்டு, ஓய்வூதியமுண்டு. இந்நாய்க்கோ இரண்டுமில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் வாழத்தக்க விலங்கை மூன்று நான்கு அகவையிலேயே, விரைவு சற்றே குன்றியதும், இனிப் பணமீட்டாது எனத் தள்ளிவிடுகின்றனர். தள்ளப்பட்டதை ஓய்வுபெற்றது என்பது வணிகன் நாவில் பிறந்த சொல்லே.

கண்டதைத் துரத்துவது இந்நாயின் பிறவி இயல்பு. அவ்வியல்பைச் சூதாட்டத்திற்கு முதலாக்கினர். 1919-இல் கலிபோர்னியாவின் எமரிவில்லில் பொறியால் இழுக்கப்படும் போலி முயலைக் கொண்டு களமொன்று தொடங்கப்பெற்றது. 1926-இல் இங்கிலாந்தின் மான்செசுட்டரில் பெல்வியூ களம் திறந்தது. நாய் எத்துணை விரைந்தாலும் முயல் அதற்கு முன்னரே இழுக்கப்படும். வென்ற பணம் மாந்தனுக்கு.

தோற்ற நாய்களின் முடிவு என்ன? ஆத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு அரசு அமர்த்திய உசாவல் ஆணையம் 2016-இல் விடை தந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் அம்மாநிலத்தில் பிறந்த ஏறத்தாழ 98,000 நாய்களுள் 48,000-க்கும் 68,000-க்கும் இடைப்பட்டவை கொல்லப்பட்டன என்பதே அவ்விடை. பாதிக்குக் குறையாது! அவ்வாண்டு சூலையில் பந்தயத்தைத் தடைசெய்வதாக அறிவித்த அரசு, அக்தோபரிலேயே பின்வாங்கியது.

இக்கொலைக்குத் தப்பிய நாய்களையே இரக்கமுள்ள குடும்பங்கள் ஏற்று வளர்க்கின்றன. பிரித்தானியாவில் 1975 முதல் இதற்கென ஓர் அறக்கட்டளை இயங்குகிறது. நாயை வீட்டிற்கு அழைத்து வருவது எளிது. வீடு இன்னதென்று அதற்கு உணர்த்துவதே அரிது. கொட்டிலையும் ஓடுகளத்தையும் தவிர அது வேறெதையும் கண்டதில்லை. படிக்கட்டின் அடியில் நடுங்கி நிற்கும். ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து ஏற்றப் பழக்கவேண்டும். கண்ணாடிக் கதவை வெறுவெளியென்று எண்ணி மோதும். தலையினும் கழுத்துப் பருத்தது ஆகலின் பொதுவான கழுத்துவார் நழுவிவிடும். அகன்ற தனிவார் வேண்டும். வேலியில்லா வெளியில் அவிழ்த்துவிடலாகாது. ஓர் அணிலைக் கண்டால் போதும், கூப்பிடும் குரல் அதன் செவியில் ஏறாது. மெல்லிய தோலும் கொழுப்பற்ற உடலும் குளிரைத் தாங்கா. (சிப்பிப்பாறை நாயை வளர்த்தோர்க்கு இவ்வுடற்கட்டுப் புதிதன்று.) பார்பிட்டுரேட்டு வகை மயக்கமருந்து இதன் உடலை விட்டு எளிதில் நீங்காது, அதனை அறியாத மருத்துவர் கையில் சிற்றறுவையும் சாவாய் முடியலாம். இத்தனைக்கும் பின், நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கும் அமைதியான நாய் இது. காதினுள் பச்சை குத்திய அடையாளம் மட்டும் இறுதிவரை அழியாது.

இச்செலவையும் உழைப்பையும் ஏற்பவர் யார்? நாயை ஓட்டிப் பொருளீட்டியவர் அல்லர். தொடர்பே இல்லாத ஒரு குடும்பத்தார். பிரித்தானியப் பந்தய வாரியம் நாயொன்றுக்கு 400 பவுன் ஒதுக்கும் திட்டத்தை 2020-இல்தான் கொண்டுவந்தது. முதற்களம் திறந்து 94 ஆண்டுகள் கழித்து! அதுவும் நன்றே, ஆயினும் அறத்தார் ஒரு நாயை ஏற்பதற்குள் வணிகர் அடுத்த ஈற்றுக் குட்டிகளைக் களத்திற்கு அணியமாக்கிவிடுகின்றனர். ஏற்று வளர்ப்போரின் இரக்கம், பந்தயத்தார் தம் முற்றத்தைக் கூட்டிக்கொள்ளும் துடைப்பமாகிவிடலாகாது. நாயை ஏற்பவர் களத்தை மூடவும் கேட்கவேண்டும்.

கேட்டால் நடக்குமா? பிளாரிடாவில் நடந்தது. அன்று அமெரிக்காவில் இருந்த 17 களங்களுள் 11 அம்மாநிலத்தில் இருந்தன. 2018 நவம்பரில் வாக்களித்தோருள் நூற்றுக்கு 69 பேர் பந்தயத்தை நிறுத்தக் கோரினர். 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு அது நின்றது. நாய்களுக்கு வீடு கிடைக்குமா என்று அன்று அஞ்சியவர் பலர். இன்றோ ஏற்க விரும்பும் குடும்பங்கள் நாய்க்காகக் காத்திருக்கின்றன. அங்குள்ள குழுக்கள் சில அயர்லாந்தில் கழிக்கப்பட்ட நாய்களை வானூர்தியில் வருவித்துக் கொடுக்கின்றன.