அந்தப் பதிலை அமுக்கவே முடியாதும்மா!

போன ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து போனில் ஒரு கேமைத் திறந்தேன். "எனக்கெதுக்கு சாமி இதெல்லாம்?" என்றவரை விடவில்லை. ஆபீஸில் இதைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்குப் புரிந்தால் எல்லோருக்கும் புரியும் என்பது என் கணக்கு.

பேர், 'டிப்ரெஷன் குவெஸ்ட்'. 2013-ல் ஸோயி குவின் இரண்டு பேருடன் சேர்ந்து உருவாக்கியது. பிரவுசரில் இலவசம். துப்பாக்கி இல்லை, கார் ரேஸ் இல்லை. வாசித்துக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் 'இப்போது என்ன செய்வீர்கள்?' என்று சில பதில்கள் இருக்கும். எதைத் தொடுகிறோமோ அந்தப் பக்கம் கதை நகரும். ஆங்கிலம் என்பதால் நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன்.

கதையின் நாயகர் நீங்கள்தான். வயது இருபதுகளில். வேலை இருக்கிறது, காதலி இருக்கிறார், கூடவே மனச்சோர்வும். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறீர்கள். ஆசையாகத் தொடங்கிய வேலை ஒன்று பாக்கி கிடக்கிறது. முதல் பதில், உற்சாகமாக உட்கார்ந்து அதை முடிப்பது. ஆனால், அதன் குறுக்கே கோடு அடித்திருக்கும். கண்ணுக்குத் தெரியும், தொட்டால் வேலை செய்யாது!

அம்மா நாலு தடவை அமுக்கிப் பார்த்தார். "ஏங்கண்ணு, இதுதான செரியான பதிலு. இதை ஏன் அமுக்க முடியல?"

"தெரியும்மா. அந்த ஆளுக்கும் தெரியும். ஆனா முடியாது. அதான் நோயே."

நிலைமை மோசமாக ஆக, கோடு விழும் பதில்களும் கூடும். கவுன்சலிங் போனால், மாத்திரை எடுத்தால், அடைபட்டவை ஒவ்வொன்றாகத் திறக்கும். எந்த வழியில் போனாலும் 'ஜெயிச்சுட்டீங்க' என்று மட்டும் முடியாது.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சோமனூர்ச் சித்தி..." என்றார்.

சித்திக்கு ரெண்டாவது பிரசவம் ஆன சமயம். மூணு மாசம் குழந்தையைத் தூக்கவே மாட்டார். தறிச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வார். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். டாக்டரிடம் யாரும் கேட்கவில்லை. "எந்திரிச்சு நாலு வேலையப் பார்த்தா செரியாப் போயிரும்னு நாந்தான் டெய்லி சொல்லுவேன்" என்றார் அம்மா. கோடு போட்ட அதே பதில்!

இந்த கேம் சிகிச்சை கிடையாது. 1966-லேயே எம்.ஐ.டி-யில் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்றொரு புரோகிராம் செய்தார். நாம் டைப் செய்வதையே மனநல ஆலோசகர் மாதிரி கேள்வியாகத் திருப்பிப் போடும். அதனிடம் மனம்விட்டுப் பேசியவர்களைப் பார்த்து அவரே மிரண்டுபோய், அந்த இடத்தில் மனிதர்தான் இருக்க வேண்டும் என்று பின்னாளில் புத்தகமே எழுதினார். இப்போது சாட்பாட்டிடம் அழும் என் தலைமுறைக்கும் சேர்த்துத்தான்.

மனிதக் குரல் வேண்டுமென்றால் 14416. 'டெலி மானஸ்', 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். நேரில் போக, கோவை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா சித்திக்கு போன் போட்டார். "அப்ப உனக்கு எந்திரிக்கவே முடியலையா புள்ள?" என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது.