தோலில் எழுதப்படும் இரங்கல்

இறந்த தாயின் பெயரைப் பச்சை குத்திக்கொண்ட இளைஞனைக் கண்டால் நம் கல்விப்புலம் இரண்டு தீர்ப்புகளை ஆயத்தமாக வைத்திருக்கிறது. ஒன்று, மேலைநாட்டு மோகம். மற்றொன்று, துயரத்தையும் பண்டமாக்கும் சந்தையின் வேலை. இரண்டும் விசாரணையின்றி வழங்கப்பட்டவை.

மத்திய இந்தியாவின் பைகா, கோண்டு பெண்கள் உடலில் 'கோத்னா' குத்திக்கொள்கின்றனர். பிற நகைகளெல்லாம் இங்கேயே தங்கிவிடும். சாவுக்குப் பின்னும் உடன்வரும் அணி இது ஒன்றே என்பது அவர்கள் நம்பிக்கை. வெரியர் எல்வின் 1939-இல் பைகா மக்களைப் பற்றி எழுதியது முதல் மானிடவியல் இதனைப் பண்பாடு என்றே பதிவு செய்துவருகிறது. அங்கே இறப்பவர் கொண்டுசெல்கிறார். இங்கே இருப்பவர் சுமக்கிறார். வேறுபாடு உண்டுதான். ஆனால், மரணத்தின் முன் தோலையே ஏடாக்கும் செயல் பழங்குடியிடம் பண்பாடாகவும் நகரத்தவரிடம் மோகமாகவும் மாறுவது எவ்வாறு? 2022-இல் சுட்டுக் கொல்லப்பட்ட பஞ்சாபிப் பாடகர் சித்து மூசேவாலாவின் தந்தை, மகனின் உருவத்தைக் கையில் குத்திக்கொண்டார். அதனையும் மோகம் என்பார்களா?

"நினைவு நெஞ்சில் இருந்தால் போதாதா?" என்பது அடுத்த வாதம். மாலையிட்ட படம், திதி, நாளிதழின் நினைவஞ்சலி விளம்பரம், மறைந்த பேராசிரியர் பெயரில் நடக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவு ஆகியவற்றில் எது நெஞ்சுக்குள் மட்டும் நிகழ்வது? பச்சை குத்துபவர் காசு வாங்குகிறார் என்பது மெய். கல்தச்சரும் புரோகிதரும்கூட வாங்கத்தான் செய்கின்றனர்.

இந்தப் பாகுபாடு கருத்தரங்க அறையோடு நிற்பதில்லை. தரைப்படையின் ஆள்சேர்ப்பு விதிகள் முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே நிலையான பச்சையை ஏற்கின்றன. மரபு கருதிப் பழங்குடியினருக்கு விலக்கு உண்டு, அது நியாயமே. ஆனால், தனிமனிதத் துயரத்துக்கு விலக்கு இல்லை. 2019-இல் தில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் உயிர்நீத்த 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களை அரசு கருங்கல்லில் பொறித்திருக்கிறது. அவர்களுள் ஒருவரின் மகன் அதே பெயரைத் தன் நெஞ்சில் பொறித்துக்கொண்டு படையில் சேர வந்தால், அவன் தகுதியற்றவன். கல்லில் இருந்தால் வீரவணக்கம். மகனின் மார்பில் இருந்தால் தகுதிக் குறைவு.

படைக்கு ஒழுங்கு வேண்டும் என்பார்கள். சட்டைக்குள் மறைந்திருக்கும் ஒரு பெயர் எந்த ஒழுங்கைக் குலைக்கிறது என்பதை அவர்கள் விளக்கட்டும். அவ்விதி திருத்தப்பட வேண்டும். ஆய்வாளர்களும் தீர்ப்பெழுதுமுன் ஒன்று செய்யலாம்: பச்சை குத்திக்கொண்டவரிடம், அது யாருடைய பெயர் என்று கேட்கலாம். கல், அறிந்தவர் அனைவரும் மறைந்த பின்னும் நிற்கும். தோலில் எழுதிய பெயரோ துக்கப்படுபவர் உள்ளவரை மட்டுமே இருந்து, அவரோடு எரியும் அல்லது புதையும். அதனினும் நேர்மையான நினைவுச்சின்னம் எது என்பதைச் சொல்லிவிட்டு, பிறகு மோகம் என்று எழுதட்டும்.