சோறு வேண்டாம் என்னும் பிள்ளை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் முதல் ஷிப்டுக்குப் புறப்படும் தந்தைக்கும், சென்னை செல்லும் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடும் தாய்க்கும் மகள் உண்டாளா என்று உட்கார்ந்து பார்க்க நேரம் ஏது? மாலையில் டிபன் பாக்ஸ் காலியாக வந்தால் நிம்மதி. அது எங்கே காலியாயிற்று என்பது சில வேளை பள்ளி மரத்தடி நாய்க்குத்தான் தெரியும்.

பசித்த பிள்ளைக்குச் சோறிட நம் தமிழகம் நன்கு அறியும். 2024 ஜூலை 15 அன்று, ஊரகப் பகுதியின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டம் விரிந்தபோது, அது தொடங்கியது நம் மாவட்டத்துக் கீழச்சேரி புனித அன்னாள் பள்ளியில்தான். ஆனால் சோறு எதிரில் இருந்தும் தொட மறுக்கும் பிள்ளையை என்ன செய்வது? அடம் என்கிறோம், திமிர் என்கிறோம். நோய் என்று சொல்ல மட்டும் நமக்கு நா எழுவதில்லை.

நோய்தான். பட்டினி கிடந்து உடல் தேயும் நிலைக்கு லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1870களிலேயே 'அனோரெக்சியா நெர்வோசா' என்று பெயரிட்டார். கட்டுமீறி உண்டுவிட்டு, பிறகு அஞ்சி வாந்தியெடுக்கும் நிலையை 'புலிமியா நெர்வோசா' என்று 1979-இல் விளக்கியவர் ஜெரால்டு ரசல். ஓயாத வாந்தியால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயமே தடுமாறும். இவை மேல்நாட்டார் நோய்கள், நமக்கு வாரா என்பார் உண்டு. சென்னை மருத்துவர் டி.என்.சீனிவாசனும் உடனிருந்தோரும் மருத்துவ மாணவர் 210 பேரை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட கட்டுரையில், 31 பேரிடம் உணவு பற்றிய மனத்தொல்லை இருந்ததாகக் கூறினர். முற்றிய நோய் அன்று; ஆனால் அதன் வாசற்படி.

இதற்கு மருந்துண்டா? உண்டு. எண்ணத்தையும் பழக்கத்தையும் ஒருசேரத் திருத்தும் 'அறிதல்–நடத்தைச் சிகிச்சை' அது. 1960களில் மனச்சோர்வுக்காக அமெரிக்க மருத்துவர் ஆரோன் பெக் வளர்த்த முறையை, உணவு நோய்களுக்கு ஏற்றபடி ஆக்ஸ்போர்டில் அமைத்தவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன். சுமார் இருபது வாரம், வாரம் ஒன்றிரண்டு சந்திப்பு. மிக மெலிந்தவருக்கு அதனினும் நீளும். நோயாளி உண்டதை உண்டவுடன் குறிப்பேட்டில் எழுதுகிறாள். அப்போது மனத்தில் ஓடியதையும் எழுதுகிறாள். மூன்று வேளை உணவு, இடையே சிற்றுண்டி, நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக் கூடாது. ஏனெனில் காய்ந்த வயிறே கட்டுமீறி உண்ணத் தூண்டுகிறது. உண்டபின் வரும் குற்ற உணர்வு மறுபடி பட்டினி போடுகிறது. எடை பார்ப்பது வாரத்துக்கு ஒரே முறை. நாள்தோறும் கண்ணாடி முன்னும் எடைக்கருவி மேலும் நின்று தவிக்கும் பெண்ணுக்கு இதுவே பெரிய விடுதலை அன்றோ! பின்னர் ஒரு வட்டம் வரைந்து, தன் மதிப்பை எவற்றால் அளக்கிறாள் என்று பங்கிடச் சொல்வார்கள். படிப்பு, நட்பு, பாட்டு எல்லாம் கீற்றுகளாக ஒதுங்க, எடை ஒன்றே வட்டத்தை அடைத்து நிற்பதை அவளே காண்பாள்.

புத்திமதி மட்டும் போதாதா எனக் கேட்கலாம். 1944–45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்பவர், தாமே முன்வந்த 36 ஆரோக்கியமான ஆடவரை அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். சில மாதங்களில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைவே இல்லை. சமையல் புத்தகங்களைக்கூட ஆவலோடு படித்தனர். பட்டினியே மனத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே உணவும் பேச்சும் சேர்ந்தே செல்லவேண்டும். மிக மெலிந்த சிறுமியருக்குப் பெற்றோரையும் சேர்த்து நடத்தும் குடும்பச் சிகிச்சையையே மருத்துவர்கள் முதலில் நாடுவர்.

இனி என் கருத்து. வகுப்பில் எல்லோர் முன்னும் எடையை உரக்க வாசிக்கும் வழக்கம் எங்கிருந்தாலும் நிற்கவேண்டும். "குண்டாகிவிட்டாயே, நாளை யார் கட்டுவான்?" என்னும் அத்தைமாரின் கேலியும், "மெலிந்து அழகாகிவிட்டாய்" என்னும் பாராட்டும் ஒரே நஞ்சின் இரு கரண்டி. தவக்காலத்தைச் சாக்காக்கிப் பட்டினியை மறைக்கும் பிள்ளையும் உண்டு. திருச்சபைச் சட்டம் 1252, ஒருசந்தியைப் பதினெட்டு வயது நிறைந்தோர்க்கே விதிக்கிறது. பதினான்கு நிறைந்தவர்க்குச் சுத்தபோசனம் மட்டுமே. இதை ஞானோபதேச வகுப்பில் அருட்சகோதரிகள் எடுத்துச் சொன்னால் அந்த மறைவிடம் இல்லாமற்போகும்.

தாய்மார்களே, மகள் உணவை ஒளித்தாலோ, உண்டவுடன் குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்டாலோ, மாதவிலக்கு நின்றாலோ அடிக்காதீர்கள், மந்திரிக்கவும் ஓடாதீர்கள். திருவள்ளூரிலேயே 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அதன் மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் கேளுங்கள். அதே ஆண்டு தொடங்கிய 'டெலி மனஸ்' சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். தோழியரே, வெட்கப்படும் தோழிக்காக அந்த எண்ணை நீங்களே சுழற்றிக் கொடுத்தாலும் சரி.